பத்து மிடறு

சோறு எறங்கல என்றேன்.
யாரை நினைத்து, என்று கேட்டாள் அக்கா.
நம் பேச்சில்
சோறு இறங்காமல் போவது துக்கம்.
சீக்கு அல்ல.
அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது,
எல்லோருக்கும் அது வசதியாகப் போயிற்று.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இடைவேளை முப்பது நிமிடம்.
பாதித் தட்டு மீகூனுக்கே எனக்கு ஐம்பது வேண்டும்.
மூன்றாம் வாயில்
நெஞ்சு நடுவே ஏதோ கைவிரித்துவிடும்.
மேலே தண்ணீர் ஊற்றி, எழுந்து, தோளை உயர்த்தி,
படிக்கட்டில் இரண்டு முறை ஏறி இறங்கினால்
சில நாள் உள்ளே ஒரு களுக்.
சில நாள் திரும்பி வரும்,
புளிக்காமல், தின்றது தின்றபடியே,
வயிற்றைப் பார்க்காத சோறு.

பட்டர்வொர்த் கிளினிக்கில் காஸ்ட்ரிக் மாத்திரை.
ஜெலுத்தோங்கில் அதே மாத்திரை, வேறு நிறம்.
இன்னொருவர் மன அழுத்தம் என்று எழுதி
இரண்டு நாள் எம்சி கொடுத்தார்.
சூப்பர்வைசர் சித்தி ஹாஜர் மட்டும்
என் தட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை,
தன் கஞ்சிப் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.
கஞ்சியும் நின்றது.

பதினாறு கிலோ குறைந்தபோது
பக்கத்து ஃபிளாட் சரோஜினி
என்ன டயட் என்று கேட்டாள்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம்.

நான்கு தலையணை. உட்கார்ந்தபடி தூக்கம்.
அப்படியும் ஓர் இரவு
மதியத்துத் தக்காளி தலையணையில் கிடந்தது.
கதிரேசன் விளக்கைப் போட்டார், பார்த்தார், அணைத்தார்.
இருட்டிலிருந்து சொன்னார்:
விடிந்ததும் பெரியாஸ்பத்திரி.

ரெசிடென்சி சாலை.
ஒரு கோப்பை வெள்ளைச் சுண்ணாம்புத் தண்ணீர்.
திரையில் அது இறங்கியது,
சோம்பலாக, அகலமாக, பைபோல் வீங்கி,
அடியில் சட்டென்று கூராகி நின்றது.
டாக்டர் ஓங் பேனாவால் தொட்டுக் காட்டினார்:
பறவை அலகு.
குனிந்து எதையோ கொத்தப்போகும் அலகு.
இரண்டு வருடமாக
நான் ஊட்டியதெல்லாம் அதற்குத்தானோ.

பிறகு மூக்கு வழியே ஒரு குழாய்.
படுத்தபடி பத்து முறை உப்புத்தண்ணீர் விழுங்கவேண்டும்.
மிடறு என்றால் தொண்டை.
மிடறு என்றால் ஒரு வாய்த் தண்ணீர்.
இரண்டும் ஒன்று என்று நம்பி வளர்ந்தவள் நான்.
நர்ஸ் மலாயில் எண்ணினாள்,
சாத்து, டுவா, தீகா.
கணினியில் அலை எழவேண்டிய இடத்தில்
நீலம், நீலம், வெறும் நீலம்.
கீழே ஒரு சிவப்புப் பட்டை மட்டும்
பத்துத் தடவையும் அசையாமல்.
முதல் எண்ணிலேயே சாத்தியது
சாத்தியதுதான்.

அகலேசியா, என்றார் டாக்டர். லட்சத்தில் ஒருவருக்கு.
தசைக்குள் இருந்த நரம்புகள் செத்துப்போயின.
திற என்று சொல்ல அங்கே ஆளில்லை.
ஏன் செத்தன?
தெரியாது.
துக்கத்தாலா?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இல்லை. நிச்சயமாக இல்லை.
அன்றுதான் அம்மாவுக்காக அழுதேன்,
வேறு எதற்காகவும் இல்லாமல்.

வாய்வழியே நுழைந்து,
உள்தோலுக்கு அடியில் சுரங்கம் வெட்டி,
இறுகிய தசையை அறுப்பது.
அந்த சிகிச்சையின் சுருக்கப் பெயருக்கு
ஆங்கிலத்தில் கவிதை என்று அர்த்தமாம்.
கதிரேசன் சிரிக்கவில்லை.
எத்தனை மணிநேரம் என்றார்.

இரண்டாம் நாள் தண்ணீர் தந்தார்கள்.
குடித்தேன்.
போயிற்று.
எங்கே போயிற்றென்று
வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

அலை இன்னும் இல்லை. இனி வராதாம்.
நிமிர்ந்து உட்கார்ந்தால் சோறு தன் பாரத்தில் விழுகிறது,
அவ்வளவுதான்.
அறுத்த கதவு சரியாகச் சாத்துவதில்லை,
இரவில் புளிப்பு ஏறி எரிக்கிறது.
அந்தப் பழைய காஸ்ட்ரிக் மாத்திரைக்கு
இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.
தலையணை இரண்டு.

நேற்று கேன்டீனில் பாதித் தட்டு மீகூன்,
இருபத்தாறு நிமிடம்.
மிச்ச நான்கை என்ன செய்வதென்று தெரியாமல்
சித்தி ஹாஜரின் தட்டிலிருந்து
ஒரு வெள்ளரித் துண்டை எடுத்தேன்.
திட்டினாள்.